மறுபடி கடலில் இறங்கும் முன்: மருந்துத் தேடலுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கடல்வாழ் உயிர்களில் வைரஸ் எதிர்ப்பு மருந்து தேடும் ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கடற்பஞ்சு, பாசி, பவளம், பை போன்ற உடலுடைய அசிடியன் என்று கடலடியிலிருந்து எடுத்துவரும் உயிர்களின் சாற்றை, வைரஸ் தொற்றிய செல்களின் மேல் விட்டுப் பார்ப்பது என் வேலை. மூழ்கி எடுப்பவர் ஒருவர், சாறு பிரிப்பவர் இன்னொருவர். சின்னக் குப்பிகளாக அது என் மேசைக்கு வந்த பிறகு, வைரஸை நிறுத்துகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியது நான். அந்த மேசையிலிருந்து பார்க்கும்போது தெரிகிற ஒன்றை உங்களிடம் நேரடியாகச் சொல்லத்தான் இந்த மடல்.

உங்கள் விண்ணப்பப் படிவங்கள் சில கேள்விகளைத் தவறாமல் கேட்கின்றன. எத்தனை இனங்களைச் சேகரிப்பீர்கள்? எத்தனை சாறுகளைச் சோதிப்பீர்கள்? எத்தனை புதிய சேர்மங்கள் கிடைக்கும்? போன முறை கிடைத்தவை என்ன ஆயின என்று கேட்கும் படிவத்தை நான் இதுவரை நிரப்பியதில்லை. என் கோரிக்கை ஒன்றுதான்: நீங்கள் ஒதுக்கும் தொகையில் பாதியைத் தனியாக எடுத்து வையுங்கள். ‘வைரஸை அடக்குகிறது’ என்று ஏற்கெனவே அறிவிக்கப்பட்டவற்றை மறுபடி சோதிக்கவும், நின்றுபோனவற்றை அடுத்த படிக்கு நகர்த்தவும் மட்டுமே அந்தப் பாதி செலவாகட்டும்.

இதைக் கேட்டதும் சிலர் கடற்பஞ்சுக் கதையைச் சொல்வார்கள் என்று தெரியும். ஏறக்குறைய எல்லா விண்ணப்பங்களின் முதல் பத்தியிலும் வரும் கதை அது. கரீபியக் கடற்பஞ்சிலிருந்து வைரஸ் மருந்து கிடைத்தது, ஆகவே எங்களையும் கடலுக்கு அனுப்புங்கள் என்று முடியும். அந்தக் கதையை முழுதாகச் சொன்னால் அது என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த வெர்னர் பெர்க்மன் மருந்து தேடியவர் அல்லர். கடல் உயிர்களின் கொழுப்புப் பொருட்களை ஆராய்ந்தவர். இப்போது டெக்டிடெதியா கிரிப்டா என்று அழைக்கப்படும் ஒரு கடற்பஞ்சின் சாற்றில் எதிர்பாராமல் படிகங்கள் உருவாயின. அவரும் ராபர்ட் ஃபீனியும் 1950, 1951 ஆண்டுகளில் அவற்றைப் பற்றி எழுதினார்கள். டி.என்.ஏ.வுக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் கட்டுமானப் பொருளான நியூக்ளியோசைடுகளைப் போலவே இவையும் இருந்தன. வேறுபாடு சர்க்கரையில். ரைபோஸோ டியாக்ஸிரைபோஸோ இருக்க வேண்டிய இடத்தில் அராபினோஸ் இருந்தது. உயிர்களின் நியூக்ளியோசைடு என்றால் அதன் சர்க்கரை இந்த இரண்டில் ஒன்றுதான் என்று இருந்த நம்பிக்கை அங்கே உடைந்தது.

கடலின் பங்கு அத்தோடு முடிந்தது. அந்தப் பஞ்சில் கிடைத்த சேர்மங்கள் எவையும் அப்படியே மருந்தாகவில்லை. சர்க்கரையை மாற்றினாலும் செல்லின் நொதிகள் ஏமாறும் என்ற எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வேதியியலாளர்கள் ஆய்வகத்திலேயே புதியவற்றைச் செய்தார்கள். அடினின் அராபினோசைடு, அதாவது பின்னாளில் விடராபின் என்று பெயர் பெற்ற மருந்து, 1960இல் செயற்கையாகத் தயாரானது. அதுவும் புற்றுநோய்க்காக! வைரஸ்களை அது அடக்கும் என்பது 1964இல்தான் வெளிவந்தது. அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் கிடைத்தது 1976இல். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் மூளையைத் தாக்கும்போது இறப்பு விகிதத்தை அது 70 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாகக் குறைத்தது என்ற மருத்துவச் சோதனை முடிவு 1977இல் வந்தது. மூளையைத் தாக்கும் ஹெர்பிஸுக்கு எதிராக மருத்துவர்கள் கையில் உருப்படியான ஆயுதம் கிடைத்தது அப்போதுதான்.

படிகம் கண்ட நாளிலிருந்து கணக்கிட்டால் கால் நூற்றாண்டுக்கு மேல். அந்தக் காலம் போனது மூலக்கூற்றை மாற்றிப் பார்ப்பதிலும், எலியில் சோதிப்பதிலும், நச்சுத்தன்மை அளப்பதிலும், நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்ப்பதிலும்தான். கடலில் மூழ்குவதில் இல்லை. விடராபினுக்குக் குறைகளும் நிறைய. நீரில் எளிதில் கரையாது, ஆகவே நரம்பில் ஏற்ற ஏராளமான திரவம் வேண்டும். உடலுக்குள் போனதும் ஒரு நொதி அதை வேகமாகச் சிதைத்துவிடும். இருந்தும் அதை விட்டுவிடவில்லை. அதன் வைரஸ் எதிர்ப்பைப் பற்றி 1968இல் அறிந்த அமெரிக்க மருந்து ஆய்வாளர் கெர்ட்ரூட் எலியனின் குழு, அடினினை உள்ளடக்கிய பியூரின் என்ற சேர்ம வகை பற்றிய தன் பழைய ஆய்வுகளைத் தூசி தட்டி எடுத்தது. அந்தப் பாதை போய்ச் சேர்ந்த இடம் அசைக்ளோவிர் என்ற ஹெர்பிஸ் மருந்து. மூளை ஹெர்பிஸுக்கு விடராபினைவிட அது மேலானது என்று 1980களில் நிரூபணமானது. 1988இல் எலியனுக்கு நோபல் பரிசு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடினின் அராபினோசைடு இயற்கையாகவே ஒரு மத்தியதரைக்கடல் விசிறிப் பவளத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தது 1984இல், மருந்து கடைக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து.

ஆக, நாம் பெருமையோடு மேற்கோள் காட்டும் வெற்றியே ஒரு முறை எடுத்ததை விடாமல் தொடர்ந்ததால் கிடைத்த வெற்றி. கடல்சார் சேர்மங்கள் இன்று முப்பதாயிரத்துக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் எத்தனையோ ‘வைரஸ் எதிர்ப்பு’ என்ற அடைமொழியோடு ஆய்விதழ்களில் வந்திருக்கின்றன. புற்றுநோய்ப் பக்கம் கடலிலிருந்து மருந்துகள் வரிசையாக வந்துவிட்டன. வைரஸ் பக்கம் விடராபினுக்குப் பின் சொல்லிக்கொள்ளும்படியாக நம்மிடம் ஒன்றும் இல்லை. கடலில் சரக்கு இல்லை என்பதால் இப்படி ஆகவில்லை என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று விளக்க, முதல் சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலான ஆய்வகங்களில் வெரோ என்ற செல் வகையை வளர்க்கிறோம். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் உருவாக்கப்பட்டது. வைரஸ் அதில் நன்றாகப் பெருகும், அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கும். சிறு குழிகள் கொண்ட தட்டில் செல்களைப் பரப்பி, சாற்றைப் பல செறிவுகளில் இட்டு, வைரஸை விடுகிறோம். இரண்டு மூன்று நாளில் சாறு இல்லாத குழிகளில் செல்கள் செத்து உதிர்ந்திருக்கும். சாறு இட்ட குழியில் செல்கள் பிழைத்திருந்தால் ‘ஹிட்’ என்று குறித்துக்கொள்கிறோம். வைரஸைப் பாதியாகக் குறைக்கும் செறிவு ஒன்று, செல்களில் பாதியைக் கொல்லும் செறிவு இன்னொன்று. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதுதான் உண்மையான செய்தி. இடைவெளி நூறு மடங்கு என்றால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரலாம். மூன்று மடங்கு என்றால் அது வெறும் விஷம்.

ஆனால் மூன்று மடங்குகளும் கட்டுரையாகின்றன. புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோம் வைரஸுக்குச் சொந்தமாகக் கிடையாது. அதற்கு நம் செல்லை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே செல்லின் புரத உற்பத்தியை நிறுத்தும் எந்தப் பொருளும் வைரஸையும் நிறுத்தும். நியூசிலாந்துக் கடற்பஞ்சு ஒன்றில் 1988இல் கண்டுபிடிக்கப்பட்ட மைகாலமைட் ஏ வைரஸ் எதிர்ப்புப் பொருளாகத்தான் அறிமுகமானது. அதன் திறமை புரத உற்பத்தியை அடக்குவதில் இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. கடல் அட்டைகளில் உள்ள ஹோலோத்துரின் போன்ற சபோனின்கள் சோப்பைப் போல சவ்வுகளைக் கரைப்பவை. வைரஸின் கொழுப்புறை கிழியும், சிவப்பணுவும் கிழியும். கந்தகம் ஏற்றிய பாசிச் சர்க்கரைகள் இன்னொரு வகை. எதிர்மின் சுமை நிறைந்த அவை, நேர்மின் சுமையுள்ள எந்த வைரஸ் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும்; தட்டில் அட்டகாசமாக வேலை செய்யும்.

வெரோ செல்லுக்கும் அதன் சொந்தக் குறைகள் உண்டு. வைரஸ் வந்தால் நம் செல்கள் எழுப்பும் இன்டர்ஃபெரான் எச்சரிக்கையை அது எழுப்புவதில்லை. நுரையீரல் செல்லில் கொரோனா வைரஸுக்குக் கதவு திறந்துவிடும் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற நொதி அதில் இல்லாததால், வைரஸ் வேறு வழியாக நுழைகிறது. மலேரியா மருந்தான குளோரோகுயின் 2020இல் வெரோ தட்டில் ஜெயித்து, நோயாளிகளிடம் தோற்றதை உலகமே பார்த்தது. செல்லுக்குள் கொழுப்பைத் தேங்கவைக்கும் தன்மை கொண்ட மருந்துகள் பல, தட்டில் வைரஸை அடக்குவதுபோலத் தோன்றும் என்று 2021இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு காட்டியது. கடற்பஞ்சுகளில் கிடைக்கும் ஆல்கலாய்டுகள் என்ற நைட்ரஜன் சேர்மங்களில் கணிசமானவை இதே தன்மையைத் தரக்கூடிய அமைப்புடையவை. அவற்றில் எத்தனை இந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடிக்கும் என்று யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை, ஏனென்றால் அதைப் பார்க்க எவரும் பணம் தரவில்லை.

இரண்டாவது சோதனை என்று நான் சொல்வது இதைத்தான். மனிதச் செல்லில், முடிந்தால் மூச்சுக்குழாய்த் திசுவில் மறுபடி செய்வது. சாற்றை வைரஸுக்கு முன் விட்டால் என்ன, இரண்டு மணி நேரம் கழித்து விட்டால் என்ன, எட்டு மணி நேரம் கழித்து விட்டால் என்ன என்று பார்த்து, எந்தக் கட்டத்தில் அடி விழுகிறது என்று கண்டுபிடிப்பது. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அதற்கு வளைந்துகொடுக்காத வைரஸை வளர்த்து, அதன் மரபணுவில் எந்த இடம் மாறியது என்று படிப்பது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. எதிர்ப்பு வைரஸ் தோன்றி, மாற்றம் ஒரே புரதத்தில் குவிந்திருந்தால், அந்த மூலக்கூறு எங்கே கை வைக்கிறது என்பதை வைரஸே ஒப்புக்கொடுத்துவிட்டது என்று பொருள். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் ‘இது வெறும் விஷம்’ என்ற பதில்தான் கிடைக்கும். அந்தப் பதிலை எந்த ஆய்விதழும் ஆசையோடு வாங்குவதில்லை, எந்த நிதிக் குழுவும் சாதனையாக எண்ணுவதில்லை. விளைவு, முதல் சோதனையோடு நிறுத்திக்கொள்பவருக்கே அடுத்த நிதி கிடைக்கிறது.

கணினிப் பொருத்தல் கட்டுரைகளைப் பற்றி நீளமாகப் பேச விருப்பமில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் அவை வெள்ளமாக வந்தன. ஒரு தரவுத்தளத்திலிருந்து கடல் சேர்மங்களை எடுப்பது, கொரோனாவின் முதன்மைப் புரோட்டியேஸ் நொதியில் கணினித் திரையில் பொருத்துவது, நல்ல மதிப்பெண் வந்த பத்தை ‘நம்பிக்கையூட்டும் மருந்துகள்’ என்று அறிவிப்பது. ஒரு துளிகூட ஈரம் படாத ஆய்வுகள். கணினியை நான் வெறுக்கவில்லை, சல்லடையாக அது பயனுள்ளதுதான். ஆனால் சலித்ததைச் சோதித்துப் பார்க்கத் திட்டமில்லாத விண்ணப்பத்துக்குப் பணம் கொடுப்பதை நிறுத்துங்கள்.

இன்னொரு வாதத்தையும் விண்ணப்பங்களில் அடிக்கடி படித்திருப்பீர்கள். ஒரு மில்லி லிட்டர் கடல்நீரில் சுமார் ஒரு கோடி வைரஸ்கள் மிதக்கின்றன, நகர முடியாத கடற்பஞ்சு அவற்றை எதிர்க்க மருந்து வைத்திருக்காதா என்ற வாதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு கோடியில் பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தாக்குபவை, பஞ்சுக்கு அவற்றால் தொல்லை குறைவு. பஞ்சு தயாரிக்கும் விஷங்கள் பெரிதும் தன்னைத் தின்ன வருபவற்றையும், தன் மேல் படர வருபவற்றையும் விரட்டத்தான். அவற்றில் ஒன்று நம் வைரஸையும் அடக்கினால் அது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பும் தொழிலில், கிடைத்ததைச் சரிபார்க்க ஆள் வேண்டும் அல்லவா?

தொடர்ந்து போனால் என்ன நடக்கும் என்பதற்கு கிரிஃபித்சின் நல்ல உதாரணம். நியூசிலாந்துக் கடலில் எடுத்த கிரிஃபித்சியா என்ற செம்பாசியில் கிடைத்த புரதம் அது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டார்கள். 121 அமினோ அமிலங்கள். எச்.ஐ.வி.யின் மேலுறையில் மண்டிக்கிடக்கும் மான்னோஸ் சர்க்கரைகளைப் பற்றிக்கொண்டு, வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியாமல் செய்கிறது. வியக்கத்தக்க அளவு குறைந்த செறிவிலேயே செய்கிறது, செல்லுக்கும் தீங்கு மிகக் குறைவு. மறுபடி பாசி தேடிப் போகாமல், புரதத்தின் வரிசையை எடுத்து, புகையிலையின் உறவுச் செடியான நிகோட்டியானா பெந்தாமியானாவுக்குள் புகையிலை மொசைக் வைரஸின் வழியாகச் செலுத்தினார்கள். ஐயாயிரம் சதுர அடிப் பசுமைக்குடில் ஒன்றிலிருந்து 60 கிராமுக்கு மேல் தூய புரதம் எடுத்ததாக 2009இல் அறிவித்தார்கள். வைரஸை அடக்க ஒரு வைரஸ், பாசியின் பொருளைச் செய்ய ஒரு செடி! 2010இல் சார்ஸ் கொரோனா வைரஸுக்கு எதிராகவும் வேலை செய்யும் என்று காட்டினார்கள். பெண்களுக்கான தடுப்பு ஜெல்லாக முதல் கட்டப் பாதுகாப்புச் சோதனை வரை போயிருக்கிறது. மருந்தாக ஒப்புதல் இன்னும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு படியிலும் அடுத்த கேள்விக்குப் பதில் இருக்கிறது.

அதே கிரிஃபித்சின் விஷயத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எந்தப் பாசியில் கிடைத்தது என்று கேட்டால் பேரினம் மட்டும்தான் சொல்ல முடியும். கட்டுரைகளில் இனப்பெயர் இல்லை. புரதம் என்பதால் தப்பித்தது, வரிசை கையில் இருந்தால் போதும். சிறு மூலக்கூறு ஒன்றாக இருந்து, முதல் மாதிரி தீர்ந்துபோய், மறுபடி எடுக்கக் கடலுக்குப் போனால் எந்த உயிரைத் தேடுவது? ஒவ்வொரு சேகரிப்பிலும் ஒரு சான்று மாதிரியைப் பாதுகாத்து வைக்கவும், வகைப்பாட்டியல் தெரிந்தவர் ஒருவருக்குச் சம்பளம் தரவும் நிதித் திட்டத்தில் இடம் விடுங்கள். அவர்கள்தான் முதலில் வெட்டுப்படுகிறார்கள்.

பாசிச் சர்க்கரையின் கதை எதிர்த்திசையில் போகிறது, அதுவும் பாடம்தான். செம்பாசிப் பாலிசாக்கரைடுகள் கோழிக் கருவில் இன்ஃப்ளூயன்சா பி, பொன்னுக்குவீங்கி வைரஸ்களைத் தடுத்ததாக 1958இலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த வகையைச் சேர்ந்த காராஜீனன் எச்.ஐ.வி.யைத் தட்டில் தடுத்தது. தென்னாப்பிரிக்காவில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் காராஜீனன் ஜெல் சோதிக்கப்பட்டு 2008இல் முடிவு வந்தபோது, பாதுகாப்பானது, ஆனால் தொற்றைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. உடலுறவு கொண்டதில் பாதிக்கும் குறைவான தடவைகளில்தான் ஜெல்லைப் பயன்படுத்தியிருந்தார்கள். பலர் அதை முழுத் தோல்வி என்று மூடிவிட்டார்கள். ஆனால் கிரிஃபித்சின் மனிதச் சோதனைக்குப் போனபோது அந்த ஜெல்லின் அடிப்பொருளாக இருந்தது இதே காராஜீனன். 2021இல் அர்ஜென்டினாவில் மருத்துவமனை ஊழியர்கள் 394 பேரிடம் ஐயோட்டா என்ற வகைக் காராஜீனன் மூக்குத் தெளிப்பான் சோதிக்கப்பட்டது. வெற்றுத் தெளிப்பான் பெற்ற 198 பேரில் 10 பேருக்குக் கோவிட் வந்தது, காராஜீனன் பெற்ற 196 பேரில் 2 பேருக்கு. சிறிய சோதனை, நான் அதை வைத்து எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன். பத்து மடங்கு பெரிதாக நடத்திப் பார்க்க வேண்டிய கேள்வி என்று மட்டும் சொல்வேன். புதிய பாசி தேடும் பத்துத் திட்டங்களைவிட அந்த ஒரு சோதனை நமக்கு அதிகம் கற்றுத்தரும்.

டிடெம்னின்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 1978இல் கரீபியக் கடலில் நடந்த ஒரு கப்பல் பயணத்தில் எடுத்த அசிடியனிலிருந்து கென்னத் ரைன்ஹார்ட்டின் குழு அவற்றைப் பிரித்தது. 1981இல் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே வைரஸ் எதிர்ப்பு முதலிலும் புற்றுநோய் எதிர்ப்பு பிறகும் நின்றன. பணம் புற்றுநோய்ப் பக்கம் இருந்ததால் ஆய்வும் அங்கே போனது. டிடெம்னின் பி மனிதச் சோதனைகளில் நச்சுத்தன்மையால் நின்றுபோனது. அதன் நெருங்கிய உறவான பிளிட்டிடெப்சின், ஒரு மத்தியதரைக்கடல் அசிடியனில் கிடைத்தது, எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு 2018இல் ஆஸ்திரேலியாவில் ஒப்புதல் பெற்றது. கொரோனா வந்த பிறகுதான் வைரஸ் கோப்பை மறுபடி திறந்தார்கள். செல் தட்டில் அது கோவிட் மருந்தான ரெம்டெசிவிரைவிட 27.5 மடங்கு வலிமையானது என்று 2021இல் வெளியானது. அது தாக்குவது வைரஸை அன்று, புரதம் செய்ய உதவும் நம் செல்லின் இஇஎஃப்1ஏ என்ற புரதத்தை. செல்லைத் தொடுவதெல்லாம் வெறும் விஷம் என்று நான் மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கா? இருக்கலாம். அளவும் காலமும் சரியாக அமைந்தால் இடைவெளி போதுமானதாக இருக்கலாம். அதைத் தீர்மானிக்கத்தான் மூன்றாம் கட்டச் சோதனை. 609 நோயாளிகளைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். 205 பேரோடு அது நின்றது, முடிவு புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை. தொற்று உச்சத்தில் இருந்த முதல் மாதங்களிலேயே சோதனைக்குத் தயாராக இருந்திருந்தால் இன்று நமக்குப் பதில் தெரிந்திருக்கும். நாற்பது ஆண்டுகள் நம்மிடம் அந்தக் கோப்பு இருந்தது.

அந்த டிடெம்னின்களை உண்மையில் செய்வது டிஸ்ட்ரெல்லா என்ற பாக்டீரியா என்று 2011, 2012 ஆண்டுகளில் தெரியவந்தது. தொட்டியில் வளர்க்க முடிகிற பாக்டீரியா! இதன் அருமை புரிய வேண்டுமானால் மாற்று வழியைப் பாருங்கள். ஒரு டன் கடற்பஞ்சிலிருந்து ஹாலிகாண்ட்ரின் பி என்ற சேர்மம் 310 மில்லிகிராம் கிடைத்தது. ஒளிந்திருக்கும் எச்.ஐ.வி.யை வெளியே இழுக்கப் பயன்படுமா என்று ஆராயப்படும் பிரையோஸ்டாட்டின் என்ற சேர்மம் 18 கிராம் எடுக்க, பியூகுலா என்ற, பாசி போலத் தோன்றும் கடல் விலங்கு 14 டன் தேவைப்பட்டது. இந்தக் கணக்கில் மருந்து செய்யக் கடல் தாங்காது. யார் உண்மையில் அந்த மூலக்கூற்றைச் செய்கிறார்கள், எந்த மரபணுத் தொகுப்பு, அதை வேறொரு நுண்ணுயிரிக்கு மாற்ற முடியுமா என்ற கேள்விகளும் இரண்டாவது படியின் பகுதிதான். புதுச் சேர்மம் அறிவிக்கும் கட்டுரையோடு நிதி முடிந்துவிட்டால் இவை கேட்கப்படுவதே இல்லை.

‘தொடர்ந்து கொண்டுபோவது கம்பெனிகளின் வேலை’ என்று உங்கள் குழுவில் ஒருவர் சொல்வார். பெரிய மருந்து நிறுவனங்கள் இயற்கைப் பொருட்களைத் தேடும் பிரிவுகளை 1990களிலிருந்தே ஒவ்வொன்றாக மூடிவிட்டன. எப்போது வரும் என்று தெரியாத ஒரு தொற்றுக்கான மருந்தை அலமாரியில் தயாராக வைக்க எந்த முதலீட்டாளரும் முன்வருவதில்லை, அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பொதுப் பணம் இருப்பதே இதற்குத்தான்.

‘புதிய கண்டுபிடிப்பு வற்றிவிடும்’ என்பார் இன்னொருவர். பாதியைத்தானே கேட்கிறேன். அந்த மீதிப் பாதியிலும் கடலில் இறங்கும் முன் உறைபெட்டியைத் திறக்கலாம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சேமிப்பில் தாவரம், கடல் உயிர், நுண்ணுயிரி என்று இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சாறுகள் இருக்கின்றன. அவற்றைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, சோதனைக்குத் தயாரான தட்டுகளில் 2019 முதல் ஆய்வாளர்களுக்குக் கொடுத்து வருகிறார்கள். முதல் தொகுதியிலேயே ஒன்றரை லட்சம் பகுதிகள். சிறிய அளவில் இப்படிப்பட்ட உறைபெட்டிகள் பல பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. சேகரித்தவர் ஓய்வு பெற்றதும் பட்டியல் தொலைந்து, ஒட்டுத்தாள் உதிர்ந்து, அடுத்தவர் இடத்துக்காகத் தூக்கி எறிகிற நிலையில் இருப்பவற்றை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பட்டியலிட்டுக் காப்பாற்ற ஆகும் செலவு ஓர் ஆழ்கடல் பயணத்துக்கு ஆவதில் ஒரு துளி.

சட்டப் பக்கமும் இதே திசையைத்தான் காட்டுகிறது. நகோயா நெறிமுறை 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாட்டின் கடலில் எடுத்த உயிருக்கு அந்த நாட்டின் அனுமதியும், பயன் கிடைத்தால் பங்கும் வேண்டும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடல் பகுதிக்கென 2023இல் நிறைவேறிய உயிரினப் பன்மை உடன்படிக்கை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இனி அங்கே சேகரிப்பதை முன்கூட்டி அறிவிக்க வேண்டும், தொகுதிக்கு அடையாள எண் உண்டு, மாதிரியும் தரவும் எங்கே இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். சில சக ஆய்வாளர்கள் இதைக் காகிதச் சுமை என்று அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்காத சாறு என் தட்டில் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் மருந்தாக மாறாது, எந்த நிறுவனமும் அதைத் தொடாது. அனுமதிப் பத்திரம் இல்லாத மாதிரிக்கு ஆரம்பத்திலேயே பணம் மறுத்துவிடுங்கள். உயிரைக் கொடுத்த கடலோர நாடுகளின் ஆய்வகங்களுக்கு இரண்டாவது சோதனையில் பங்கு கொடுங்கள். வெறும் சேகரிப்பு உதவியாளர்களாக அவர்களை வைத்திருந்த காலம் போதும்.

அடுத்த அறிவிப்பில் நான் எதிர்பார்ப்பவை இவை. விண்ணப்பதாரர் தன் முந்தைய ‘ஹிட்’கள் ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு பக்கம் எழுத வேண்டும், ‘விஷம், கைவிட்டோம்’ என்ற பதிலுக்கும் முழு மதிப்பெண் இருக்க வேண்டும். ஒரு குழு அறிவித்ததை வேறொரு குழு, வேறு செல்லில், அதே மாதிரியை வைத்துச் சோதிக்கத் தனி நிதி வேண்டும். தோற்ற முடிவுகள் செறிவு அளவுகளோடு பொதுத் தரவுத்தளத்தில் ஏறினால்தான் கடைசித் தவணை என்று விதி வையுங்கள். மதிப்பீட்டுக் குழுவில் கடல் வேதியியலாளர்களோடு, வைரஸ் மருந்தை நோயாளிக்குக் கொடுத்துப் பழகிய மருத்துவர் ஒருவரும் நச்சியல் அறிந்தவர் ஒருவரும் உட்காரட்டும்.

பாதி என்ற அளவு அதிகம் என்று பட்டால் மூன்றில் ஒரு பங்கில் தொடங்குங்கள், ஐந்து ஆண்டு கழித்துக் கணக்குப் பாருங்கள். வரைவு அறிவிப்பைக் கருத்துக்கேட்புக்கு வெளியிட்டால், அதில் உள்ள சோதனை வரையறைகளைச் சரிபார்த்துத் தர என்னைப் போன்ற வைரஸ் ஆய்வகக்காரர்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வைரஸ் சோதனை மேசையிலிருந்து ஓர் ஆய்வாளர்